ஸ்குவாட்: 90 மணி நேரம் ஆடியும் முன்னேற்றமே இல்லை, குறி பார்ப்பதை எப்படிச் சரிசெய்வது?

அம்பைக்காரன்:

வணக்கம். ஸ்குவாட் (ஐம்பது பேர் கொண்ட இரண்டு அணிகள் இணையத்தில் மோதும் போர் விளையாட்டு) ஆடுகிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

நான்கு வருடம் போனில் பேட்டில் ராயல் ஆடியவன் நான். எங்கள் நாலு பேர் அணியில் பெரும்பாலும் என் கில் கணக்குதான் கூடுதலாக இருக்கும். போன தீபாவளி போனஸில் ஒரு பிசி வாங்கினேன். ஸ்டீமில் தள்ளுபடி வந்த அன்றே ஸ்குவாடையும் வாங்கிவிட்டேன். இன்றோடு 90 மணி நேரம்.

நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறேன். யெஹோரிவ்கா மேப். ஸ்பான் ஆகி (களத்தில் புதிதாக இறங்கி), வயல் வழியாக நான்கு நிமிடம் ஓடுகிறேன். எங்கிருந்தோ ஒரு குண்டு, திரை இருட்டிவிடுகிறது. சுட்டது யார், எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. யாராவது எழுப்பக் காத்திராமல் கிவ் அப் அழுத்துகிறேன், மறுபடி ஸ்பான், மறுபடி அதே ஓட்டம். முடிவில் 2 கில், 14 சாவு. நடுவில் ஸ்குவாட் லீடர், அதாவது எங்கள் ஒன்பது பேர் குழுவின் தலைவர், என் பெயரைச் சொல்லி ஏதோ கத்தினார். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசியதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு வாரமாக எய்ம் ட்ரெய்னர் ஆடுகிறேன். மவுஸ் வேகத்தைக் குறைத்தேன். சிங்கப்பூர் சர்வரில் பிங் 70 வருகிறது, பிரேம் 60க்குக் கீழே போவதில்லை. அப்படியும் மாற்றமில்லை. குறி பார்ப்பதை எப்படிச் சரிசெய்வது? எந்த ஸ்கோப் நல்லது? மைக்கில் பேசவும் தயக்கம், ஆங்கிலம் சரளமாக வராது. இந்த விளையாட்டு உண்மையிலேயே பிடித்துப்போனதால் விடவும் மனசில்லை.


குறிஞ்சிமலை:

குறி பற்றி மட்டும் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் வந்த 6.0 அப்டேட்டில் துப்பாக்கி நடத்தையையே மாற்றினார்கள். ஐசிஓ என்று பேசிக்கொள்வது அதைத்தான். ஓடி வந்து நின்ற வேகத்தில் சுட்டால் குழல் அலைந்துகொண்டே இருக்கும். தலைக்கு மேலே குண்டு பறந்தால் பார்வை மங்கும், கை ஆடும். இதற்கு எய்ம் ட்ரெய்னர் உதவாது. அங்கே பழகுவது மவுஸை வேகமாக இலக்கில் கொண்டுபோய் வைப்பது. இங்கே மவுஸ் சரியான இடத்தில் இருந்தாலும் துப்பாக்கி அங்கே இருக்காது.

நின்று, குந்தி, ஓரிரண்டு நொடி பொறுத்துச் சுடுங்கள். ஸ்டாமினா பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். சண்டை நடக்கும் இடத்துக்குக் கடைசி நூறு மீட்டர் நடந்தே போங்கள். ஜென்சன்ஸ் ரேஞ்ச் என்ற பயிற்சி மேப்பில் தினம் 20 நிமிடம் நின்று 100, 200, 300 மீட்டரில் குண்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஸ்கோப் எது கிடைத்தாலும் சரி. ரைஃபிள்மேன் ரோலை எடுங்கள். அவரிடம் இருக்கும் அம்மோ பேக் உங்களைவிட அடுத்தவருக்குத்தான் அதிகம் உதவும், அதனாலேயே எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள்.


பழைய_ரேடியோ:

தம்பி, விடையை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். “நான்கு நிமிடம் ஓடுகிறேன்” என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான். 14 சாவை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நான்கு நிமிடம் என்றால் 56 நிமிடம். ஆட்டத்தின் பெரும்பகுதி வயலில் ஓடியே போய்விட்டது. அந்த நேரமெல்லாம் உங்கள் ஸ்குவாட் ஒன்பது பேருக்குப் பதில் எட்டுப் பேரோடு சண்டை போட்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ப்ராஜெக்ட் ரியாலிட்டி ஆட ஆரம்பித்தவன் நான். பேட்டில்ஃபீல்ட் 2க்கு ரசிகர்கள் செய்த மாட் அது. அதிலிருந்து வந்தவர்கள்தான் கனடாவில் ஆஃப்வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் ஸ்குவாடைச் செய்தார்கள். 2015 டிசம்பரில் ஏர்லி ஆக்ஸஸ், 2020 செப்டம்பரில் முழு வெளியீடு. இந்தப் பழங்கதையைச் சொல்லக் காரணம் உண்டு. ப்ராஜெக்ட் ரியாலிட்டி காலத்திலிருந்தே இந்த விளையாட்டின் மையம் ஸ்பான் பாயிண்ட்தான். எங்கே பிறக்கிறோம், எத்தனை பேர் பிறக்கிறோம், சண்டைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறோம். துப்பாக்கிச் சண்டை அதற்குப் பிறகுதான் வருகிறது.

டிக்கெட் கணக்கைப் பாருங்கள். அணியின் உயிர்க் கணக்கு அது, தீர்ந்தால் தோல்வி. ஒரு வீரர் செத்தால் அணிக்கு 1 டிக்கெட் போகும். ஒரு டாங்கி போனால் 15. ஒரு ரேடியோ (களத்தில் லீடர் அமைக்கும் தளத்தின் மையம்) போனால் 20. நேற்று ஒரு முழு ஆட்டத்தில் நீங்கள் எடுத்தது 2. எதிரியின் ஒரு ரேடியோவைக் கண்டுபிடித்து நாலு பேராகப் போய் மண்வெட்டியால் சாய்த்தால் 20. அதோடு அந்த ரேடியோவை நம்பியிருந்த ஹேப்பும், அதாவது அணி முழுவதும் ஸ்பான் ஆகும் கட்டடமும், பயனற்றுப் போகும். ஐம்பது பேரில் பாதிப் பேர் பிரதான முகாமிலிருந்து வண்டி பிடித்து வரவேண்டும். அந்த நேரத்தில் கொடி, அதாவது பிடிக்க வேண்டிய இடம், உங்களுடையது.

லீடர்கள் எதற்காக அவ்வளவு கத்துகிறார்கள் என்பதும் இதில் இருக்கிறது. லாஜி என்ற சரக்கு வண்டி ஒன்று 3000 புள்ளி சுமக்கும், அதைக் கட்டுமானத்துக்கும் தோட்டாவுக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹேப்புக்கு 500 கட்டுமானப் புள்ளி. ரேடியோ வைக்க லீடர் மட்டும் போதாது, பக்கத்தில் ஸ்குவாட் ஆட்கள் நிற்க வேண்டும். ரேலி, அதாவது நம் ஸ்குவாட் மட்டும் ஸ்பான் ஆகும் இடம், வைக்கவும் அப்படித்தான். நேற்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினாரே, பெரும்பாலும் “என் பக்கத்தில் வந்து நில்” என்றுதான் சொல்லியிருப்பார். ரேலி வைக்க ஆள் இல்லாமல் பாதி ஆட்டம் தவித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீங்கள் போய் நின்றிருந்தால் அடுத்த நான்கு நிமிட ஓட்டம் நாற்பது நொடியாகியிருக்கும்.

ஒரு சம்பவம். சில மாதங்களுக்கு முன் அல் பஸ்ரா மேப்பில் லீட் செய்தேன். கொடிக்கு 200 மீட்டர் பின்னால், சுற்றுச்சுவர் உள்ள ஒரு முற்றத்தில் ஹேப் வைத்தோம். ரொம்ப நல்ல இடம். மூன்று ஸ்குவாட் அதில்தான் ஸ்பான் ஆகிக்கொண்டிருந்தது. என் ஸ்குவாடில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், திறமையான கைக்காரர், அந்த முற்றத்தை ஒட்டிய வீட்டு மாடியில் ஏறி, தொலைவில் சாலையைக் கடந்த எதிரிகளைச் சுட ஆரம்பித்தார். ஆறு பேரை விழுத்தினார். எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். ஐந்து நிமிடத்தில் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டு ஒரு முழு ஸ்குவாட் முற்றத்துக்கு வெளியே வந்து நின்றது. எதிரி நெருங்கி நின்றால் ஹேப்பில் ஸ்பான் ஆக முடியாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மேப் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரேடியோ போனது, கொடி போனது, அதற்கடுத்த கொடியும் போனது.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஹேப் பக்கத்தில் சுடாதே என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு எந்த ஸ்குவாட் எடுத்தாலும் முதல் நிமிடத்தில் சொல்கிற வாக்கியம் அது. ஸ்பான் ஆனதும் நூறு மீட்டராவது தள்ளிப் போய்ச் சுடுங்கள். திரும்பி வரும்போதும் எதிரியை முதுகில் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

அடுத்தது கிவ் அப். விழுந்த உடனே அதை அழுத்தும் பழக்கம் போன் விளையாட்டுகளிலிருந்து வருவதில்லை, பொறுமையின்மையிலிருந்து வருகிறது. விழுந்ததும் மேப்பைத் திறங்கள். மெடிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? 60 மீட்டரில் இருந்தால் காத்திருங்கள். மெடிக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேண்டேஜ் வைத்திருக்கும் எந்த ஆளும் எழுப்பலாம், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். எழுப்பப்பட்டால் டிக்கெட் போகாது, ஓட்டமும் இல்லை. சுற்றிலும் எதிரி நிற்கிறான், வரக்கூடிய ஆள் யாருமில்லை என்றால் அப்போது அழுத்துங்கள். ரேலி நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஆட்களை இறக்கும். அந்த நொடிக்கணக்கைப் பார்த்து அழுத்தினால் மற்றவர்களோடு சேர்ந்து இறங்கலாம்.

அடுத்த பத்து ஆட்டத்துக்கு ஸ்கோர் பட்டியலைத் திறக்காதீர்கள். லீடரிலிருந்து 30 மீட்டருக்குள் இருங்கள், அவர் குந்தினால் குந்துங்கள், அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். பத்து ஆட்டம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.


மல்லிகா_மெடிக்:

ரேடியோ அண்ணன் சொன்னதற்கு மெடிக் பக்கத்திலிருந்து ஒரு சேர்ப்பு. 600 மணி நேரத்தில் முக்கால்வாசி மெடிக்தான் ஆடியிருக்கிறேன். வேலையிலும் நர்ஸ் என்பதால் இந்த ரோல் கையில் ஒட்டிக்கொண்டது.

விழுந்தவர் எனக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, எந்தப் பக்கமிருந்து குண்டு வந்தது என்று சொல்வது. “மெடிக், மெடிக்” என்று கூப்பிடுவதை மேப்பிலேயே பார்த்துவிடுகிறேன். எனக்குத் தெரியாதது உங்களைச் சுட்டவன் எங்கே இருக்கிறான் என்பதுதான். திரையின் கீழே திசைகாட்டி இருக்கிறது, விழும் கணத்தில் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். “210” என்று ஒரே ஒரு எண் சொன்னால் போதும். நான் 210க்கும் உங்களுக்கும் நடுவில் புகைக்குண்டு போடுவேன். எண் தெரியாவிட்டால் உங்கள் மேலேயே போட வேண்டியிருக்கும். அப்போது சுட்டவன் புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலே இரண்டு பேரும் போவோம்.

எண்ணைப் பார்க்க நேரமில்லையென்றால் காது இருக்கிறது. தூரத்துக் குண்டு இரண்டு சத்தம் தரும். முதலில் தலைக்குப் பக்கத்தில் சாட்டை சொடுக்குவதுபோல ஒன்று, அப்புறம் தாழ்வாக ஒரு தட்டல். சொடுக்கல் குண்டு கடந்துபோன இடம், தட்டல்தான் துப்பாக்கி இருக்கும் இடம். புதியவர்கள் சொடுக்கல் கேட்ட பக்கம் திரும்புவார்கள், அதனால் எதிரியைக் காணவே மாட்டார்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சுட்டவன் தள்ளி இருக்கிறான். பாட்டு எதையும் பின்னால் ஓட விடாமல், நல்ல ஹெட்போனோடு ஆடுங்கள்.

இரண்டு பேர் விழுந்து கிடந்தால் நான் முதலில் எழுப்புவது இன்னொரு மெடிக்கை. உங்களைத் தாண்டிப் போனால் கோபப்படாதீர்கள், திரும்பி வருவோம்.

அப்புறம், ஒரு தடவையாவது நீங்களே மெடிக் எடுங்கள். கில் நினைப்பு தானாகக் குறையும், எப்போதும் மற்றவர்களோடு இருக்கவேண்டி வரும், மேப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.


அம்பைக்காரன்:

அண்ணா, அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. லீடர் கத்தியதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. மேப்பில் ஒரு பச்சைக் குறியைத் தாண்டி நான் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பேசுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? “டி4 கீபேட் 7” என்கிறார்கள், நான் தேடி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், தவறான கட்டத்தைச் சொல்லிவிட்டேன் என்று திருத்தினார்கள். அதோடு மைக்கை அணைத்துவிட்டேன்.


பழைய_ரேடியோ:

மைக்கை மறுபடி போடுங்கள். கட்டம் தவறியதற்கு ஒரு காரணம் ஊகிக்கிறேன். போன் டயல் பேடில் 1 மேலே இருக்கும், கம்ப்யூட்டர் நம்பர் பேடில் 7 மேலே இருக்கும். ஸ்குவாட் மேப் கம்ப்யூட்டர் பேட். பெரிய கட்டம் ஒவ்வொன்றும் 300 மீட்டர், அதற்கு எழுத்தும் எண்ணும். அதை ஒன்பதாகப் பிரித்தால் 100 மீட்டர்ச் சதுரங்கள், இடது மேல் மூலை 7, நடு 5, வலது கீழ் மூலை 3. அதற்குள்ளும் ஒன்பது உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 33 மீட்டர். எனவே “டி4, 7, 3” என்றால் 33 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிட்டீர்கள். கீபோர்டின் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள், இரண்டு நாளில் பார்க்காமலே வரும். சாதாரண ஸ்குவாட் ஆள் எல்லோருக்கும் தெரியும்படி மேப்பில் குறி வைக்க முடியாது, லீடரும் ஃபயர்டீம் (ஸ்குவாடுக்குள் இருக்கும் சிறு குழு) லீடரும்தான் வைக்கலாம். ஆகவே வாயால் சொல்வது ஒன்றே உங்களிடம் இருக்கும் வழி.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். சிங்கப்பூர் சர்வரில் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் என்று எல்லா ஊர் ஆங்கிலமும் ஓடும், நானும் தினம் கேட்கிறேன். இங்கே தேவைப்படுவது இலக்கணம் அல்ல, வரிசை. திசை, தூரம், என்ன. “240, 150 மீட்டர், டூ இன்ஃபன்ட்ரி.” முடிந்தது. ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது என்றால் அதையும் சொல்லுங்கள், “240, எஞ்சின் சவுண்ட்.” சந்தேகமானதைச் சந்தேகமாகவே சொன்னால் எந்த லீடரும் கோபிக்க மாட்டார். சொல்லாமல் இருந்தால்தான் பின்னால் கஷ்டம்.

விசைகளும் முக்கியம். மாற்றாமல் வைத்திருந்தால் பி ஸ்குவாடுக்கு, வி பக்கத்தில் நிற்பவர்களுக்கு. பக்கத்தில் இருக்கும் ஆளோடு பேச வேண்டியதை வி அழுத்திப் பேசுங்கள். ஸ்குவாட் ரேடியோ காலியாக இருந்தால்தான் லீடர் மற்ற லீடர்கள் சொல்வதைக் கேட்க முடியும். அவர் காதில் எந்நேரமும் இரண்டு வானொலி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சொல் கூடப் பதில் வராவிட்டாலும் நீங்கள் சொன்னது பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும்.


குறிஞ்சிமலை:

ஒரு சின்ன விஷயம் விட்டுவிட்டேன். ஸ்குவாட் லீடர் ரோலை யாரும் எடுக்காத ஸ்குவாடில் அது கைமாறி உங்களிடம் வந்து சேரும். இப்போதைக்கு அதை ஏற்றுக்கொண்டு தவிக்க வேண்டாம், வேறு ஸ்குவாடுக்கு மாறிவிடுங்கள். மைக்கில் பேசுகிற லீடர் இருக்கும் ஸ்குவாட் கிடைக்கும்வரை இரண்டு மூன்று முறை மாறினாலும் தப்பில்லை. நான் கற்றுக்கொண்டதில் பாதி, நல்ல லீடர் ஒருவர் பின்னால் சும்மா நடந்ததில்தான்.


அம்பைக்காரன்:

பத்து ஆட்டம் முடிந்தது, சொன்னபடி எழுதுகிறேன். ஒன்பது நாள் ஆனது.

முதல் மூன்று ஆட்டம் சிரமம். லீடருக்குப் பக்கத்தில் நிற்பது எளிது என்று நினைத்தேன். தூரத்தில் எதிரி தெரிந்ததும் கால் தானாக ஓடுகிறது. மானிட்டர் ஓரத்தில் “30 மீட்டர்” என்று ஒரு சீட்டு ஒட்டினேன். நான்காவது ஆட்டத்திலிருந்து மெடிக். மல்லிகா அக்கா சொன்ன இரட்டைச் சத்தம் இரண்டு நாள் வரை எனக்குக் கேட்கவே இல்லை, எல்லாம் ஒரே சத்தம்தான். மூன்றாம் நாள் நார்வா மேப்பில் ஒரு தெருவில் படுத்துக் கிடந்தபோது திடீரென்று பிரிந்து கேட்டது. சொடுக்கல் வலப்பக்கச் சுவரில், தட்டல் முன்னால் தேவாலயப் பக்கம். “35, சர்ச்” என்று சொன்னேன். எங்கள் மெஷின் கன்னர் அங்கே திருப்பினார், சத்தம் நின்றது. கில் அவருடையது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வர நேரமானது.

நேற்று நடந்ததுதான் முக்கியம். மறுபடி யெஹோரிவ்கா. ஒரு மரவரிசையில் ஸ்குவாட் ஆறு பேர் படுத்திருந்தோம். நான் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், ரேடியோ அண்ணன் சொன்ன எதிர்ப்பக்கம். தூரத்தில் லாரி எஞ்சின் சத்தம் வந்து நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஓடி, குறைந்து போனது. வந்து நின்று போன லாரி என்றால் எதையோ இறக்கியிருக்கிறது. ஆளைப் பார்க்கவில்லை. தயக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பி அழுத்தி, திசைகாட்டி எண், “ட்ரக் ஸ்டாப், கோ, மேபி லாஜி” என்றேன். லீடர் இரண்டு நொடி பேசவில்லை. பிறகு கீபேட் கேட்டார். கீபோர்டைப் பார்த்துச் சொன்னேன்.

நான்கு பேர் வாய்க்கால் வழியாகக் குனிந்தே போனோம், எட்டு நிமிடம் ஆனது. வழியில் இரண்டு பேர் சாலையைக் கடந்தார்கள், சுலபமான குறி. லீடர் சுட வேண்டாம் என்றார், சுடவில்லை. புதருக்குள் ரேடியோ இருந்தது, ஹேப் அதற்கு அந்தப் பக்கம். ஒருவர் தோண்டினார், மூன்று பேர் சுற்றிப் பார்த்துக்கொண்டோம். நடுவில் நான் விழுந்தேன். கிவ் அப் மேல் விரல் போனது, எடுத்துவிட்டேன். எங்கள் ரைஃபிள்மேன் பேண்டேஜ் போட்டு எழுப்பினார். ரேடியோ சாய்ந்தது.

ஆட்டம் முடிந்தபோது நாங்கள் 11 டிக்கெட் மீதியில் ஜெயித்திருந்தோம். ஸ்கோர் பட்டியலைத் திறந்தேன், பத்து ஆட்டம் ஆகிவிட்டதால். 1 கில், 4 சாவு, 9 ரிவைவ். லீடர் கிளம்பும் முன் “மெடிக், குட் இயர்ஸ்” என்று மட்டும் சொன்னார்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. விழுந்தவர் திறந்த வெளியில் கிடக்கிறார், என்னிடம் புகைக்குண்டு தீர்ந்துவிட்டது. போகலாமா, விடலாமா? நேற்று இரண்டு முறை போய் இரண்டு முறையும் விழுந்தேன்.


மல்லிகா_மெடிக்:

9 ரிவைவ்! படித்து முடித்ததும் எனக்கே ஆடிய மாதிரி இருந்தது.

புகை தீர்ந்தால் கேளுங்கள். லீடரிடம் இருக்கும், ரைஃபிள்மேனிடமும் பெரும்பாலும் இருக்கும். “நீட் ஸ்மோக்” என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி பொறுங்கள். யாரிடமும் இல்லையென்றால், சுட்டவன் இருக்கும் திசையில் இரண்டு பேர் விடாமல் சுடட்டும், அவன் பார்வை மங்கியிருக்கும் அந்த நேரத்தில் போங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் போகாதீர்கள். விழுந்தவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள், “கான்ட் ரீச், கிவ் அப்” என்று. எனக்கு இது பழக நாளானது. சொல்லாமல் விட்டால் அவர் வீணாகக் காத்திருப்பார்.


பழைய_ரேடியோ:

வந்து நின்று போன லாரியை நீங்கள் கேட்டுச் சொன்னதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். என் ஸ்குவாடில் அந்தக் காது எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை இரவு உங்கள் நேரம் பத்து மணிக்கு சிங்கப்பூர் சர்வரில் ஸ்குவாட் திறக்கிறேன். ஸ்குவாட் பெயர் நெல்லை என்று வைக்கிறேன், எளிதாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டு மெடிக் இடம் உண்டு, ஒன்று மல்லிகாவுக்கு, ஒன்று உங்களுக்கு. குறிஞ்சி, நீங்கள் வந்தால் மெஷின் கன் எடுத்துக்கொள்ளுங்கள்.


அம்பைக்காரன்:

வந்துவிடுகிறேன் அண்ணா. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே சர்வர் வரிசையில் நிற்கிறேன்.